ஐந்தாவது பத்தி

ஜன்னல் வைத்த அறை வேண்டும். பரப்பு 8 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது. நாளுக்கு 6 மணி நேரம், வாரத்துக்கு 30 மணி நேரம், அதற்கு மேல் வேலை வாங்கக் கூடாது. வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு. நான்கு மாலைகள் அவளுடையவை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது முழுக்க அவளுக்கு விட்டுவிட வேண்டும். ஓராண்டு தங்கினால் நான்கு வார விடுமுறை. அந்த வாரங்களிலும் பணம் நிற்காது. மருத்துவக் காப்பீடு குடும்பத்தின் பொறுப்பு. கைச்செலவுக்கு மாதம் 280 யூரோ.

ஜெர்மனியில் ஒரு குடும்பத்தோடு தங்கி, அந்த வீட்டுக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, மொழி கற்றுக்கொள்ள வரும் இளையவர்களை ஓபேர் என்கிறார்கள். ஆண்களும் வருவதுண்டு, பெரும்பாலும் பெண்கள்தான். மேலே சொன்னவை அவர்களுக்காக அந்த நாடு வகுத்திருக்கும் விதிகள். ஒரு வீட்டின் உள்ளே நடப்பதைச் சட்டம் இவ்வளவு தூரம் அளந்து வைப்பது எனக்குப் பிடித்திருந்தது. அளவுக்கு அடங்காத ஒன்று அங்கே இருக்கிறது, அதனால்தான் அளக்க முடிந்ததையெல்லாம் அத்தனை கறாராக அளந்திருக்கிறார்கள் என்பது பிற்பாடுதான் புரிந்தது.

1969 நவம்பரில் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஐரோப்பியக் கவுன்சில் இதற்கென்று ஓர் உடன்படிக்கை செய்தது. பிற நாட்டு வீடுகளுக்குப் போகும் இந்தப் பெண்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அப்போதே குழம்பியிருக்கிறார்கள். மாணவர் என்றும் சொல்ல முடியாது, தொழிலாளி என்றும் சொல்ல முடியாது. இரண்டின் சாயலும் கொண்ட தனி வகை என்று எழுதிவைத்தார்கள். ஜெர்மனி அதில் கையெழுத்துப் போட்டதே தவிர உறுதிப்படுத்தவில்லை. ஆனால் அந்த உடன்படிக்கையின் மனப்போக்குதான் ஜெர்மன் விதிகளிலும் ஓடுகிறது. குடும்பத்தில் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளப்பட்டவர் என்பதால் ஓபேர் ஊழியர் அல்ல. ஊழியர் அல்ல என்பதால் 2015 முதல் அந்த நாட்டில் நடைமுறையில் உள்ள குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அவரைத் தொடாது.

லைப்சிக் நகரத்தின் ஃபோல்க்ஸ்ஹோஹ்ஷூலேயில், அதாவது மாநகராட்சி நடத்தும் முதியோர் கல்வி நிலையத்தில், மாலை நேர ஜெர்மன் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். கணவரின் ஆராய்ச்சிப் பணிக்காக அந்த ஊருக்குப் போனவள் நான். வகுப்பில் பாதிப் பேர் ஓபேர் பெண்கள். ஜார்ஜியா, கொலம்பியா, மடகாஸ்கர், இந்தோனேசியா. என் பக்கத்து நாற்காலிக்கு ஒரு அமெரிக்கப் பெண் வந்தாள். விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சிற்றூர், பத்தொன்பது வயது, பள்ளி முடித்ததும் கல்லூரிக் கடன் வாங்குவதற்கு முன் ஒரு வருஷம் உலகத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பியவள்.

மற்றப் பெண்களுக்கும் அவளுக்கும் இருந்த வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மடகாஸ்கர்ப் பெண் ஊரிலேயே ஜெர்மன் படித்து, முதல் நிலைத் தேர்வு எழுதி, சான்றிதழ் வாங்கி, தூதரகத்தின் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருந்து வந்தவள். அமெரிக்கக் கடவுச்சீட்டு இருந்தால் விசா இல்லாமலே விமானம் ஏறலாம். வந்திறங்கிய பிறகு வெளிநாட்டவர் அலுவலகத்தில் வசிப்பு அனுமதிக்கு மனுப் போட்டால் போதும். இருவரும் ஒரே 280 யூரோவுக்குத்தான் ஒரே வேலையைச் செய்தார்கள். ஆனால் ஒருத்திக்கு வீடு சரிப்படவில்லை என்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகும் வழி இருந்தது. இன்னொருத்திக்கு அந்தப் பெட்டிக்குள் ஒரு குடும்பத்தின் சேமிப்பு முழுவதும் இருந்தது. இனி நான் சொல்லப்போவது வசதியான பக்கத்தில் இருந்தவளின் கதை. அவளுக்கே இத்தனை பாடு என்றால் மற்றவர்களுக்கு எப்படி என்று வாசிக்கிறவர்கள் சேர்த்தே யோசித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்கப் பெண்கள் லைப்சிக்குக்கு வருவது புதிதல்ல. 1879இல் கேரி தாமஸ் என்ற இளம்பெண் இந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் மொழியியல் படிக்க வந்தாள். விரிவுரைகளைக் கேட்க விட்டார்கள்; பெண் என்பதால் பட்டம் தர மறுத்தார்கள். மூன்று ஆண்டு இங்கே உட்கார்ந்து படித்துவிட்டு, 1882இல் சூரிச்சுக்குப் போய் முனைவர் பட்டம் வாங்கினாள். பின்னாளில் பிரின் மார் பெண்கள் கல்லூரியின் தலைவரானாள். உள்ளே வரலாம், உட்காரலாம், ஆனால் பெயர் ஏட்டில் ஏறாது. அந்த நிலை எனக்கு ஓபேர் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வந்தது.

என் வகுப்புத் தோழி இருந்த வீட்டில் அம்மா, அப்பா இருவரும் இசைக்குழுவில் வாசிப்பவர்கள். லைப்சிக் பழைய கிழக்கு ஜெர்மனியின் ஊர். தாய்மார் வேலைக்குப் போவதும் குழந்தைகள் ஒரு வயதிலிருந்தே கீட்டா எனப்படும் பராமரிப்பு நிலையத்துக்குப் போவதும் அங்கே பாட்டி காலத்துப் பழக்கம். மேற்கிலோ அது வெகுகாலம் அபூர்வம். ஒரு வயது நிறைந்த குழந்தைக்கெல்லாம் இடம் தர வேண்டும் என்பது நாடு முழுக்கச் சட்டமானதே 2013 ஆகஸ்டில்தான். ஆனால் கீட்டா சாயங்காலம் ஐந்து மணிக்கு மூடிவிடும். கச்சேரி ஏழரைக்குத் தொடங்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் கடல் கடந்து ஒரு பெண் வந்திருந்தாள்.

காலை ஆறரைக்கு வீடு விழித்துக்கொள்ளும். மூன்று வயதுச் சின்னவனுக்கு உடுப்பு மாட்டுவதே தனி வேலை. டிசம்பரில் கம்பளிக் காலுறை, அதன்மேல் கால்சட்டை, அதன்மேல் சேற்றில் விளையாடுவதற்கென்றே தைத்த நீர் புகாத தோள்வார்க் கால்சட்டை, பூட்ஸ், கழுத்துத் துணி, குல்லாய். கையுறை கடைசியில்தான் வர வேண்டும். கையுறை மாட்டிவிட்டால் தன் ஜிப்பைத் தானே இழுக்க அவனால் முடியாது, முடியவில்லையென்றால் அழுகை. வீடு நான்காவது மாடி. நூறு வருஷத்துக்கு மேல் பழைய கட்டடம், உயரமான கூரை, அழகான மரப்படிகள், லிஃப்ட் கிடையாது. இரண்டு மாடி இறங்கியதும் சின்னவனுக்கு மூச்சா வரும். திரும்ப மேலே ஏறி, கையுறையில் தொடங்கி ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். இந்த முதல் ஒரு மணி நேரத்தை அவள் வகுப்பில் அரைகுறை ஜெர்மனில் விவரித்தபோது, கொலம்பியாவும் ஜார்ஜியாவும் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். எல்லோர் வீட்டிலும் அதே கையுறை.

அவள் பெயர் எழுதப்பட்ட முதல் ஜெர்மன் காகிதம் கீட்டாவில் இருந்தது. குழந்தையை யார் கூட்டிப்போகலாம் என்று பெற்றோர் எழுதிக் கையெழுத்திட்ட பட்டியல். அம்மா, அப்பா, பாட்டி, அடுத்து அவள். முதல் நாள் அடையாள அட்டையைக் காட்டி, பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் சின்னவனை அவள் கையில் விட்டார்கள். பிள்ளை பெறாத, பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் ஒரு ஊர் தன் குழந்தையைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படைக்கிறது. அன்றைக்குத் தெருவைக் கடக்கும்போது அவனுடைய மணிக்கட்டை இறுக்கிப் பிடித்ததில் சிவந்துவிட்டது என்று சொன்னாள்.

பெரியவளுக்கு ஆறு வயது. அமெரிக்கப் பெண் வந்து சேர்ந்த ஆகஸ்டில்தான் அந்தக் குழந்தை முதல் வகுப்பில் சேர்ந்தது. லைப்சிக் இருக்கும் சாக்சனி மாநிலத்தில் அது ஒரு பெரிய குடும்ப விழா. குழந்தையின் உயரத்துக்கு ஒரு காகிதக் கூம்பு, அது நிறைய மிட்டாய், வண்ணப் பென்சில். பாட்டி தாத்தா, அத்தை மாமா எல்லோரும் கூடிவிடுவார்கள். அந்த விழாவின் படங்களை எனக்குக் கைபேசியில் காட்டினாள். எல்லாப் படங்களும் நன்றாக இருந்தன. ஒன்றில்கூட அவள் இல்லை. எல்லாவற்றையும் எடுத்தவள் அவள்.

அதே குழந்தை அக்டோபருக்குள் பள்ளிக்குத் தனியாக நடந்து போகத் தொடங்கிவிட்டது. தெருமுனை வரை வந்தால் போதும், அதற்கு மேல் வரக் கூடாது என்று ஓபேருக்குக் கட்டளை. விஸ்கான்சினில் அவள் வளர்ந்த ஊரில் எங்கே போவதென்றாலும் கார். ஆறு வயதுக் குழந்தை தனியாகத் தெருவில் நடந்தால் யாராவது போலீசுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவார்கள் என்றாள். இங்கே பேக்கரிக்காரம்மாவும் டிராம் ஓட்டுநரும் சாலையோரப் பெரியவர்களும் பார்த்துக்கொள்வார்கள் என்று ஊரே சொல்லாமல் சொல்லி வைத்திருக்கிறது. அந்த அமெரிக்கப் பெண்ணின் அம்மாவுக்கோ, அவளைப் பெற்ற ஆறாவது வாரமே வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்ததாம். நாடு தழுவிய சம்பளத்தோடுள்ள பிரசவ விடுப்பு இன்றுவரை அமெரிக்காவில் இல்லை. குழந்தை வளர்ப்பு ஒரு வீட்டின் சொந்தச் சுமையா, ஊர் கூடிச் சுமப்பதா என்ற கேள்விக்கு இரண்டு நாடுகள் இரண்டு விதமாகப் பதில் எழுதியிருப்பதை அவள் புத்தகத்தில் படிக்கவில்லை. தெருமுனையில் நின்று பார்த்தாள்.

இதில் ஒரு பழைய கொடுக்கல் வாங்கலும் இருக்கிறது. கிண்டர்கார்டன் என்று நாம் இன்றும் சொல்வது ஃப்ரீட்ரிஷ் ஃப்ரோபெல் என்ற கல்வியாளர் ஜெர்மனியின் துரிங்கியாவில் தொடங்கியது. அந்தப் பெயரை அவர் வைத்தது 1840இல். 1851இல் பிரஷ்ய அரசு கிண்டர்கார்டன்களைத் தடைசெய்தது. தடை நீங்க 1860 ஆனது. அதற்குள் அந்த எண்ணம் கப்பல் ஏறிவிட்டது. அமெரிக்காவின் முதல் கிண்டர்கார்டனை 1856இல் மார்கரெத்தே ஷூர்ட்ஸ் என்ற ஜெர்மானியப் பெண் விஸ்கான்சினின் வாட்டர்டவுனில் ஜெர்மன் மொழியிலேயே நடத்தினார். அந்தச் சிறிய கட்டடத்தை இப்போதும் அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். என் தோழி பள்ளிச் சுற்றுலாவில் அதைப் பார்த்திருக்கிறாள். ஏன் பார்க்கக் கூட்டிப்போனார்கள் என்பது லைப்சிக்கில் சேற்றுக் கால்சட்டை மாட்டிவிடும்போதுதான் விளங்கியதாம்.

லைப்சிக்குக்கே இன்னொரு கதை உண்டு. ஜெர்மன் நகரங்களைச் சுற்றிச் சின்னச் சின்னதாய் வேலி போட்ட தோட்டங்கள், ஷ்ரேபர் தோட்டங்கள், ரயிலில் போகும்போது எல்லா ஊரிலும் கண்ணில் படும். அந்த வழக்கம் பிறந்த ஊர் இது. மோரிட்ஸ் ஷ்ரேபர் என்ற மருத்துவர் இறந்த பிறகு, 1864இல், ஹவுஷில்ட் என்ற பள்ளித் தலைமையாசிரியர் ஒரு சங்கம் தொடங்கி அவர் பெயரை வைத்தார். அடுத்த ஆண்டு குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டுத் திடல் திறந்தார்கள். திடலின் ஓரத்தில் பிள்ளைகள் செடி வளர்க்கட்டும் என்று கெசெல் என்ற ஆசிரியர் பாத்தி கட்டிக்கொடுத்தார். பிள்ளைகளுக்குக் களை பிடுங்கிச் சலித்துவிட்டது. பாத்தி பெற்றோர் கைக்கு வந்தது. பெற்றோர் வேலி போட்டார்கள். குழந்தைக்கென்று தொடங்கும் வேலை கடைசியில் யார் கைக்கு வந்து சேரும் என்பதற்கு அந்தத் தோட்டங்கள் நல்ல சாட்சி. அமெரிக்கப் பெண் பார்த்துக்கொண்ட வீட்டுக்கும் ஒரு தோட்டம் இருந்தது. கோடை முழுவதும் அங்கே தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றியது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மாலைச் சாப்பாடு ஆறரைக்கு. அடுப்பு மூட்டாத சாப்பாடு: கறுப்பு ரொட்டி, வெண்ணெய், சீஸ், வெள்ளரித் துண்டு, ஊறுகாய்க் கர்க்கின். 6.50க்குத் தொலைக்காட்சியில் சாண்ட்மான். வெள்ளைத் தாடி வைத்த சின்னப் பொம்மை மனிதர், ஒருநாள் ராக்கெட்டில், ஒருநாள் பனிச்சறுக்கு வண்டியில் வந்து, ஒரு கதை காட்டிவிட்டு, கண்ணில் தூக்க மணலைத் தூவிவிட்டுப் போவார். கிழக்கு ஜெர்மனியில் 1959 நவம்பரில் தொடங்கிய நிகழ்ச்சி. அந்த நாடு போய்விட்டது, சுவர் போய்விட்டது, மேற்கு ஜெர்மனி வைத்திருந்த சாண்ட்மானும் போய்விட்டார். இவர் மட்டும் இன்னும் நாள்தோறும் வருகிறார். சாண்ட்மான் முடிந்தால் பல் துலக்கல், ஒரு கதை, விளக்கணைப்பு. எட்டு மணி. அப்போது விஸ்கான்சினில் பகல் ஒரு மணி. அவள் அம்மா வேலையில் இருப்பாள். தோழிகள் வகுப்பில் இருப்பார்கள். தன் நாள் முடிந்து பேச ஆள் தேடும் நேரத்தில் பேச வேண்டியவர்கள் எல்லோரும் வேலையாயிருக்கும் அந்த ஏழு மணி நேர வித்தியாசம் மார்கழி மாதிரி இருட்டான மாதங்களில் ஒரு பெண்ணை என்ன செய்யும் என்பதை நானும் ஓரளவு அறிவேன். லைப்சிக்கில் டிசம்பரில் நாலேகாலுக்கெல்லாம் விளக்குப் போட்டாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் இல்லை; ஞாயிறு ஓய்வு நாள் என்பது வைமார் அரசியல் சட்டத்திலிருந்து இன்றைய அடிப்படைச் சட்டத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளப்பட்ட விதி. அவளுடைய விடுப்பு நாட்களில் பாதி ஞாயிறுகள். ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள் மட்டும் திறந்திருக்கும். அங்கே போய் ஒரு காபி வாங்கிக்கொண்டு, வேறு ஊர்களுக்குப் போகும் ரயில்களின் பெயர்ப் பலகையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சில ஞாயிறுகளில் நானும் போவேன். ஒரு சீஸ் கேக்கை இரண்டு பேரும் பகிர்ந்துகொள்வோம்.

மொழி விஷயம் அவளை உள்ளுக்குள் வாட்டியது. விதிப்படி ஓபேர் போகும் வீட்டில் பேச்சுமொழி ஜெர்மனாக இருக்க வேண்டும். மொழி கற்றுக்கொள்ளத்தானே வருகிறார்கள். ஆனால் அமெரிக்கப் பெண்ணைத் தேடிக் கூப்பிடும் குடும்பங்களில் பல, தங்கள் பிள்ளைகள் ஆங்கிலம் பேசிப் பழகட்டும் என்ற ஆசையில்தான் கூப்பிடுகின்றன. பிள்ளைகளிடம் ஆங்கிலத்திலேயே பேசு என்றார்கள். அவளும் பேசினாள். அவள் விற்க வந்தது நேரத்தை; அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது நேரத்தோடு சேர்த்து நாக்கையும். நேரத்துக்கு ஆறு மணி என்று வரம்பு உண்டு. சாப்பாட்டு மேஜையில், குளியலறை வாசலில், ஞாயிறு காலையில் இரவுடையோடு தண்ணீர் குடிக்க வரும்போதுகூட அவள் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு வாக்கியமும் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம். அதை எந்த மணிக்கணக்கில் எழுதுவது? சின்னவன்தான் கடைசியில் வழி செய்தான். அவனுக்கு ஆங்கிலம் பிடிக்கவில்லை. அவளுடைய ஜெர்மனைத் திருத்துவது பிடித்திருந்தது. தப்பாகச் சொன்னால் மூக்கைச் சுருக்கிக்கொண்டு சரியாகச் சொல்லிக்காட்டுவான். அவள் திரும்பச் சொல்லும்வரை விடமாட்டான். அவனிடம் கற்றதால் ஜிப், நத்தை, மூக்குச்சளி, மேடுபள்ளம் எல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. காப்பீட்டு அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தில் ஒரு வரி புரியாது.

அந்த வீட்டுச் சமையலறையில் ஒரு நாட்காட்டி தொங்கியது. ஜெர்மன் வீடுகளில் பரவலாகப் பார்க்கலாம்: மாதத்துக்கு ஒரு தாள், நெடுக்குக் கோடுகளால் பிரித்த ஐந்து பத்திகள், வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒன்று. அம்மாவின் பத்தியில் ஒத்திகைகள், அப்பாவின் பத்தியில் கச்சேரிகள், பெரியவளுக்கு நீச்சல், சின்னவனுக்குப் பல் மருத்துவர். ஐந்தாவது பத்தி அவள் வருவதற்கு முன்பே அவள் பெயரில் எழுதப்பட்டிருந்தது. முதல் வாரம் அதைப் பார்த்துக் கண்ணீர் வந்துவிட்டது என்றாள். நமக்கென்று ஒரு இடத்தை யாரோ கோடு போட்டு ஒதுக்கி வைத்திருப்பது அந்நிய ஊரில் சின்ன விஷயம் இல்லை. மாதங்கள் போனபோது கவனித்தாள்: மற்ற நான்கு பத்திகளில் அவரவர் வேலை. ஐந்தாவதில் இருப்பதும் அவர்கள் நால்வரின் வேலைதான்.

பிரச்சினை கச்சேரி இரவுகளில் வந்தது. பெற்றோர் ஆறு மணிக்குக் கிளம்பினால் பதினொன்றுக்குத்தான் திரும்புவார்கள். எட்டு மணிக்கெல்லாம் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள், பிறகு அவள் தன் அறையில் படம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள் என்பது குடும்பத்தின் கணக்கு. படம் பார்க்கலாம், வெளியே போக முடியாது. சின்னவன் இருமினால் எழுந்து போக வேண்டும். வீட்டில் தீப்பிடித்தால் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு நான்கு மாடி இறங்க வேண்டியவள் நான்தான் என்பது அவள் கணக்கு. விதி அவள் பக்கம். மாலையில் குழந்தைகளுக்குத் துணையிருப்பதும் அந்த 30 மணிக்குள் அடக்கம். ஆனால் விதியை எடுத்துச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அந்த அம்மா நல்லவர். இவளுக்குக் காய்ச்சல் வந்தபோது கெமோமில் தேநீர் போட்டுக் கொடுத்தவர். பிறந்தநாளுக்குக் கையால் பின்னிய கழுத்துத் துணி தந்தவர். நீ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி என்று அடிக்கடி சொல்பவர்.

இந்தச் சொல் எனக்குப் புதிதல்ல. வீட்டு வேலைக்கு வரும் பெண்களைப் பற்றி எங்கள் தெருவில் பெருமையாகச் சொல்லப்படுவதைக் கேட்டு வளர்ந்தவள் நான். சொன்னவர்களும் மனதாரத்தான் சொன்னார்கள். அந்த மனதாரச் சொல்லுதலில்தான் சிக்கலே இருக்கிறது. பொய்யாகச் சொன்னால் சுலபமாக மறுத்துவிடலாம். உண்மையான அன்பு முன்னால் வந்து நிற்கும்போது கூலி கேட்கிறவள் சின்னப் புத்திக்காரியாகத் தெரிகிறாள், அவள் கண்ணுக்கே.

கணக்கைத்தான் பார்ப்போம். வாரம் 30 மணி என்றால் மாதம் சுமார் 130 மணி நேரம். 280 யூரோவை வகுத்தால் மணிக்கு இரண்டு யூரோவும் சில்லறையும். அவள் அங்கே இருந்த 2024இல் ஜெர்மனியின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.41 யூரோ. அறையும் சாப்பாடும் காப்பீடும் உண்டு; அவற்றையும் சேர்க்கத்தான் வேண்டும், சேர்க்கிறேன். அப்போதும் இந்த ஏற்பாடு நியாயமாக இருப்பது ஒரே ஒரு நிபந்தனையில்தான்: மணிக்கணக்கு மீறப்படாதவரை. மீறிய ஒவ்வொரு மணியும் அந்தப் பெண் குடும்பத்துக்குக் கொடுத்த நன்கொடை.

அவளுடைய சொந்த நாட்டில் இதே வழக்கு வேறு விதமாகத் தீர்ந்திருக்கிறது. அமெரிக்காவும் 1986 முதல் ஓபேர்களை வரவழைக்கிறது, ஜே-1 விசாவில், வாரம் 45 மணி நேரம் வரை. அங்கே பல ஆண்டு நடந்த ஒரு கூட்டு வழக்கு 2019இல் முகவர் நிறுவனங்கள் 6.55 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டதில் முடிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் பாஸ்டனில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஊதியச் சட்டம் ஓபேர்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. மொழி கற்பது, பண்பாடு அறிவது எல்லாம் இருக்கட்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்வது வேலை, வேலைக்குக் கூலி என்பது அதன் சாரம். அதனால் தங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று அங்கே பல குடும்பங்கள் முறையிட்டதும் உண்மை. கட்டுப்படியாகாததை இத்தனை காலம் யார் ஈடுகட்டினார்கள் என்ற கேள்விக்கு அதைவிட நேரான பதில் கிடைக்காது.

ஓபேர் முறையே வேண்டாம் என்று சொல்பவள் இல்லை நான். பத்தொன்பது வயதில், கையில் காசில்லாமல், இன்னொரு நாட்டின் சமையலறைக்குள் புகுந்து, அங்கே ரொட்டியை எப்படி அறுக்கிறார்கள், குழந்தையை எப்படித் திட்டுகிறார்கள், நோய் வந்தால் என்ன குடிக்கிறார்கள் என்று பார்க்க வேறு வழி ஏது? சுற்றுலாவும் பல்கலைக்கழகமும் ஒரு நாட்டின் முன்வாசலைத்தான் காட்டும். அவள் பார்த்தது கொல்லைப்புறத்தை. அதற்காகவே இந்த ஏற்பாடு நிலைக்க வேண்டும். நிலைக்க வேண்டுமானால் அன்பு ஒரு பக்கமும் மணிக்கணக்கு ஒரு பக்கமும் தனித்தனியாக எழுதப்பட வேண்டும்.

பிப்ரவரியில் ஒரு கச்சேரி இரவு, ஐந்தாவது பத்தியில் பென்சிலால் ‘18–23’ என்று எழுதினாள். அவ்வளவுதான். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த கச்சேரிக்கும் எழுதினாள். மாதக் கடைசியில் கூட்டி அடியில் ஒரு சின்ன எண். அந்த வாரம் வீட்டில் பேச்சுக் குறைந்தது. வகுப்புக்கு வந்தவள் முகமே சரியில்லை.

“நான் கணக்குப் பார்க்கிறேன்னு அவங்களுக்குக் கஷ்டமா இருக்கு. எனக்கும்தான் கஷ்டமா இருக்கு” என்றாள்.

மடகாஸ்கர்ப் பெண், பொதுவாகப் பேசாதவள், திரும்பி உட்கார்ந்து, “எழுதுறதை நிறுத்தாதே. நீ எழுதினாத்தான் நாங்களும் எழுத முடியும்” என்றாள்.

அந்த வீட்டு அம்மா சில நாள் கழித்து நாட்காட்டி முன்னால் அவளை உட்காரவைத்துப் பேசினார். முதலில் மனவருத்தம்: நம் வீட்டை அலுவலகம் ஆக்கிவிட்டாயே. பிறகு அவரே விரலை வைத்து ஒவ்வொரு கட்டமாகக் கூட்டினார். 30ஐத் தாண்டியிருந்தது. அவரும் உழைப்பவர், ஒத்திகை பத்து நிமிடம் நீண்டால் இசைக்குழுவின் தொழிற்சங்கம் கேட்கும் என்று அறிந்தவர். அன்றிலிருந்து கச்சேரிக்கு மறுநாள் காலை கையுறை மாட்டுவது அப்பாவின் வேலை ஆனது. அவள் ஒன்பது மணி வரை தூங்கினாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது என்னவென்றால், அதற்குப் பிறகுதான் அவள் அந்த வீட்டில் வாய்விட்டுப் பேசத் தொடங்கினாள். தன் ஓய்வு நேரத்தில், தானாகப் போய், பெரியவளோடு உட்கார்ந்து ஏப்ரலில் ஆற்றங்கரைக் காட்டில் பறித்த காட்டுப்பூண்டு இலையை அரைத்தாள். லைப்சிக்கின் காடு முழுக்க அந்த மாதம் பூண்டு மணம்தான். அந்த மணிகளை அவள் எழுதவில்லை. எழுத வேண்டியவை எழுதப்பட்டுவிட்டதால், எழுதாமல் விட்டவை அவளுடைய சொந்தமாக இருந்தன.

ஓர் ஆளுக்கு ஜெர்மனியில் ஒரே ஒருமுறைதான் ஓபேர் அனுமதி, அதிகபட்சம் ஓராண்டு. ஆகஸ்டில் அவளுடைய ஆண்டு முடிந்தது. ஊருக்குப் போகவில்லை. ஹாலே நகரில் முதியோர் இல்லம் ஒன்றில் கூட்டாட்சித் தன்னார்வப் பணியில் சேர்ந்தாள். அதுவும் கைச்செலவுப் பணம்தான். ஆனால் வேலை நேரமும் விடுப்பும் ஒப்பந்தத்தில் உண்டு, அன்புக்கு அங்கே தனி இடம். எஸ்-பான் ரயிலில் ஏறினால் லைப்சிக் பக்கம்தான்.

பழைய வீட்டுக்கு முதல் தடவை விருந்தாளியாகப் போன ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி என்னிடம் விரிவாகச் சொன்னாள். சாப்பிட்டு முடித்ததும் கை தானாகத் தட்டுகளை அடுக்கத் தொடங்கிவிட்டது. பெரியவள், இப்போது இரண்டாம் வகுப்பு, தட்டைப் பிடுங்கிக்கொண்டு, “நீ உட்காரு, இன்னைக்கு என் முறை” என்றாளாம். உட்கார்ந்தவளுக்குக் கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சின்னவன் மடியில் ஏறிக்கொண்டதால் அந்தச் சங்கடம் தீர்ந்தது.

புது ஓபேர் கொலம்பியாவிலிருந்து வந்திருந்தாள். பயந்த சுபாவம். பேச்சோடு பேச்சாக இவளைத் தன் அறைக்கு, போன வருஷம் வரை இவளுடையதாக இருந்த அறைக்கு, கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கச்சேரி இரவில் பிள்ளைகள் தூங்கின பிறகு உள்ள நேரத்தையும் எழுதலாமா என்று கேட்டிருக்கிறாள்.

“பதினொரு மணி வரைக்கும் எழுது” என்றாளாம் இவள். “பென்சில்ல வேண்டாம், பேனாவுல எழுது.”